கடலுக்கு முதுகு காட்டிக் கட்டியவர்

என் அக்கா சிவனேஸ்வரியின் கணவர் ஸ்ரீஸ்கந்தராஜா, இங்கிலாந்தில் ஒரு கடற்கரை ஊரையே மாற்றிக் கட்டியவர். ஊரின் பெயர் மெல்ஸ்டன். எசெக்ஸ் பக்கம், ரயில் பாதை முடிகிற இடத்தில் இருக்கிறது. லண்டனில் அவரைச் சந்தித்த எந்தத் தமிழரும் இந்தச் செய்தியைக் கேட்காமல் தப்பியதில்லை. கலியாண வீட்டில் சாப்பாட்டு வரிசையில் நின்றால் முன்னுக்கு நிற்பவருக்குச் சொல்வார். ஒருமுறை செத்த வீட்டில், பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, இறந்தவரின் மகனுக்கே சொன்னார்.

நான் அவரை அத்தான் என்று கூப்பிடுவேன். 1986இல் யாழ்ப்பாணத்தை விட்டு லண்டன் வந்து இறங்கியபோது, ஹீத்ரோவுக்கு வந்து என்னைக் கூட்டிப்போனவர் அவர்தான். காரில் ஏறி பெல்ட்டைப் போட்டதும் அவர் சொன்ன முதல் கதை இது:

"இஞ்ச பாரும் மலர், ஒண்டை விளங்கிக்கொள்ளும். நான் இந்த நாட்டுக்குப் படிக்க வந்தனான். நீங்களெல்லாம் ஓடி வந்தனீங்கள். வெள்ளைக்காரனுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அதாலதான் எங்களுக்கிருந்த மரியாதையும் போகுது."

வீடுகள் எரிவதைப் பார்த்துவிட்டு வந்தவள் நான். வசந்தமலர் என்ற என் முழுப்பெயரை விமான நிலையத்தில் எழுத்துக் கூட்டிக் கூட்டிக் களைத்திருந்தேன். "ஓம் அத்தான்" என்றேன். செவன் கிங்ஸில் இருந்த அவர் வீட்டுச் சின்ன அறையில் எனக்குக் கட்டில் போட்டிருந்தார்கள். இருக்க இடம் தந்தவரைப் பழித்துப் பேசக்கூடாது என்பார்கள் சிலர். இடம் தந்தது அக்கா. அவர் அறையின் நீள அகலத்தைச் சொன்னார், அவ்வளவுதான்.

அவர் 1960களில் கப்பலில் வந்தவர். வழியெல்லாம் வாந்தி. சவுத்தாம்ப்டனில் இறங்கிய அன்றே இனிக் கடல் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று தீர்மானித்துவிட்டதாக அக்கா சொல்வாள். அப்படிப்பட்ட மனுஷனின் கையில்தான் ஒரு கடற்கரை போய்ச் சேர்ந்தது. லண்டன் ஹோபர்னில் ஒரு கட்டடக் கலை அலுவலகத்தில் அவர் பல வருஷமாகச் சம்பளத்துக்கு வேலை பார்த்தார். பாடசாலைக் கழிப்பறைகள், பஸ் டிப்போக்கள் என்று சின்னச் சின்ன வேலைகள். எண்பதுகளின் தொடக்கத்தில் மெல்ஸ்டன் கடற்கரையைப் புதுப்பிக்கும் வேலை அந்த அலுவலகத்துக்குக் கிடைத்தது. அங்கிருந்த பெரிய கட்டடக் கலைஞர்கள் யாரும் அந்தக் காற்றடிக்கிற ஊருக்கு வாராவாரம் ரயிலேறிப் போகச் சம்மதிக்கவில்லை. ஆகவே அத்தானிடம் தள்ளிவிட்டார்கள். அவர் அதைப் பதவி உயர்வு என்று நினைத்தார். அலுவலகம் அவருக்கு மிஸ்டர் ராஜா என்று பெயரைச் சுருக்கிக் கொடுத்தது. அதையும் பட்டம் என்றே எடுத்துக்கொண்டார்.

மெல்ஸ்டன் அப்போது எப்படி இருந்தது என்பதை அவர் எடுத்து வைத்திருந்த படங்களிலேயே பார்த்திருக்கிறேன். கரையோரமாக ஒரு கண்ணாடி மண்டபம். லண்டனிலிருந்து வரும் கிழவன் கிழவிகள் அதற்குள் குளிர்படாமல் உட்கார்ந்து, தேநீர் குடித்துக்கொண்டு கடலைப் பார்ப்பார்கள். பின்னால் வரிசையாகச் சின்னச் சின்ன விடுதி வீடுகள். அவ்வளவுதான் ஊர். அழகென்று சொல்ல முடியாது, ஆனால் ஏன் இருக்கிறது என்று அந்த ஊருக்குத் தெரிந்திருந்தது.

அத்தான் கண்ணாடி மண்டபத்தை இடித்தார். விடுதி வீடுகளையும் இடித்தார். அந்த இடத்தில் இரண்டு அடுக்குமாடிகளைப் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினார். இரண்டுக்கும் நடுவே, கார் தரிப்பிடத்தின் மேலே, கொன்கிரீட்டில் ஒரு பெரிய வெளி. பெயர் பிளாசா. பிள்ளைகள் தவறி விழுந்துவிடக்கூடாது என்று அதன் கடல் பக்கத்தில் ஆளுயரத்துக்கு மேலே ஒரு மதில். உப்புக் காற்று யன்னல் சட்டங்களை அரித்துவிடும் என்று மாடிகளின் இருப்பறை யன்னல்களையெல்லாம் ஊர்ப் பக்கம் திருப்பினார். கடலைப் பார்த்தபடி இருந்தவை குளியலறைகள்தான்.

ஊர்ச் சபை இதையெல்லாம் பார்த்து, தலையாட்டி, கையெழுத்தும் வைத்தது. கடற்கரையில் பிறந்து வளர்ந்த அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் ஏன் என்று கேட்க வாய் வரவில்லை. புதியது என்றால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர்கள் நம்பினார்கள். வரைபடம் தடித்த தாளில் இருந்ததும் காரணமாக இருக்கலாம்.

நான் வந்த வருஷக் கோடையில்தான் திறப்பு விழா. அத்தான் என்னையும் கூட்டிப்போனார், கமெராவைப் பிடிப்பதற்கு. அக்காவுக்கு அன்று காய்ச்சல். ஊர்த் தலைவர் கழுத்துச் சங்கிலியோடு வந்தார். நாடாவை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தால் நாடா நிற்க மாட்டேன் என்கிறது. இரண்டு மாடிகளுக்கும் இடையில் புகுந்த காற்று, குழாய்க்குள் புகுந்தது போல வேகம் பிடித்து அடித்தது. தேநீருக்குப் போட்ட கூடாரம் ஒரு பக்கம் கயிற்றை அறுத்துக்கொண்டு எழும்பி, பேண்ட் வாசித்தவர்கள்மேல் விழுந்தது. ஒரு வயதான மனுஷி சறுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்தார். அவரை அம்புலன்ஸில் ஏற்றும்போது சபை அதிகாரி ஒருவர் அத்தானிடம் வந்து, இந்தக் காற்றுக்கு என்ன செய்வது என்று கேட்டார்.

அத்தான் கொஞ்சமும் தடுமாறவில்லை. "காற்றென்பது பராமரிப்புப் பிரிவின் பொறுப்பு. வடிவமைப்பில் அது வராது" என்றார்.

திரும்பி வரும்போது ரயிலில் அந்தப் பதிலை எனக்கு இரண்டாம் தரமும் சொல்லிக் காட்டினார். சொன்ன விதம் அவருக்கே பிடித்திருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் கழித்து எங்கள் தமிழர் சங்கம் மெல்ஸ்டனுக்கு ஒரு கோச் பஸ் ஒழுங்கு செய்தது. எங்கள் ஆள் ஒருவர் வெள்ளைக்காரனின் கடற்கரையைக் கட்டியிருக்கிறார், போய்ப் பார்த்துப் பெருமைப்பட வேண்டும் என்பதே நோக்கம். ஈலிங்கிலிருந்தும் சவுத்தாலிலிருந்தும்கூட ஆட்கள் வந்தார்கள். பட்டுச் சேலைகள், கோட்டு சூட்டுகள், புளிச்சாதம், கட்லட், வாளி நிறைய வடை.

பிளாசாவில் இறங்கிய உடனே சேலைகளெல்லாம் ஒரு பக்கமாக எழும்பின. பெண்கள் ஒரு கையால் முந்தானையையும் மறு கையால் கொண்டையையும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அத்தான் குடையை விரிக்காமல் நீட்டிப் பிடித்து, அங்கே பாருங்கள், இங்கே பாருங்கள் என்று காட்டினார். சங்கத் தலைவர் ஒரு டொக்டர். கண்ணில் மண் விழுந்து நீர் வழிய வழிய, "என்ன ஒரு கம்பீரம்!" என்று சொல்லிக்கொண்டே வந்தார். யாருக்கும் உட்கார இடமில்லை. காகிதத் தட்டைப் பிரித்ததும் அது பறந்தது, அடுத்ததும் பறந்தது. புளிச்சாதம் கடற்பறவைகளுக்குப் போனது. அப்போதும் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. படித்தவர்கள் கூட்டமாகச் சேர்ந்து பொய் சொல்வதை நான் அதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன். இவ்வளவு காற்றில் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அக்காவுக்கும் அந்த இடத்துக்கு அதுதான் முதல் பயணம். அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, ஒரு கள்ளமும் இல்லாமல் கேட்டாள்:

"ஏனப்பா, கடல் எங்க?"

அத்தான் குடையை மதில் பக்கம் நீட்டினார். "அதுக்கு அங்கால."

"அங்கால எண்டா, எப்பிடிப் பாக்கிறது?"

"சத்தம் கேக்குதுதானே," என்றார் அத்தான்.

டொக்டர் உடனே, "ஓம் ஓம், வடிவாக் கேக்குது," என்றார். எல்லாரும் காதைக் கொடுத்துக் கேட்டார்கள். பிறகு கோச்சுக்குள் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு வடையைச் சாப்பிட்டோம். கடலைப் பார்த்தவர்கள் யாருமில்லை. திரும்பி வரும்போது அத்தானுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதையும் கோச்சுக்குள்ளேதான் செய்தார்கள். வெளியே என்றால் பறந்திருக்கும்.

மெல்ஸ்டனுக்கு ஆட்கள் வருவது குறைந்தது. பிளாசாவில் திறந்த ஐஸ்கிரீம் கடை, புத்தகக் கடை, தேநீர்க் கடை எல்லாம் ஒவ்வொன்றாகப் பூட்டின. ஓய்வுபெற்றவர்கள் வாங்குவார்கள் என்று கட்டிய வீடுகளை யாரும் வாங்கவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வேலைகள் சுருங்கியபோது ஹோபர்ன் அலுவலகம் அத்தானையும் அனுப்பிவிட்டது. அதன் பிறகு சாப்பாட்டு மேசையில் வரைபலகையை வைத்துக்கொண்டு, இல்ஃபோர்ட் பக்கத்துத் தமிழர்களின் வீடுகளுக்குச் சமையலறை நீட்டிப்பும் மாடியறையும் வரைந்து கொடுத்தார். வந்தவர்களிடமெல்லாம், "ஒரு கரையோரத்தையே கட்டினவன், இப்ப உங்கட குசினியைக் கட்டுறன்," என்பார். அவர்கள் அதை மரியாதை என்று நினைத்து, தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்கள். அதே ஆட்களை, அவர்கள் போன பிறகு, "பெற்றோல் ஸ்டேஷன் காரர்" என்பார்.

இதற்குள் நான் படித்து, மொழிபெயர்ப்பாளர் வேலைக்குப் போயிருந்தேன். ஆஸ்பத்திரி, கவுன்சில், கோர்ட் என்று எங்கே தமிழ் ஆள் வாய் திறக்க வேண்டியிருந்ததோ அங்கே என்னைக் கூப்பிடுவார்கள். எனக்குத் தனி வீடும் கிடைத்துவிட்டது.

1997இல் ஒரு நாள் மெல்ஸ்டன் ஊர்ச் சபையிலிருந்து அழைப்பு வந்தது. லண்டனில் அகதிகளுக்கு வீடு கிடைக்காத காலம் அது. யாரும் வாங்காத அத்தானின் மாடிகளில் லண்டன் கவுன்சில்கள் அகதிக் குடும்பங்களைக் கொண்டுபோய் இருத்தியிருந்தன. அதில் எங்கள் ஆட்களும் இருந்தார்கள். இப்போது ஊர்ச் சபை மாடிகளை இடித்துவிட யோசிக்கிறது. அதற்கொரு பொதுக்கூட்டம். குடியிருப்பவர்கள் பேசினால் நான் மொழிபெயர்க்க வேண்டும்.

அக்காவிடம் இதைச் சொன்னது பிழையாகப் போயிற்று. அத்தான் கேட்டுவிட்டார். நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, பழைய வரைபடங்களைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, என்னோடு ரயிலேறினார். தன் கட்டடத்துக்காக வாதாடப் போகிறாராம்.

கூட்டம் தேவாலய மண்டபத்தில். வாசலில் நின்ற இளம் அதிகாரி ஒருத்தி அத்தானை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மிக அன்பாக, மிக மெதுவாக, காது கேட்காதவருக்குச் சொல்வது போல அவரிடம் சொன்னாள்: "குடியிருப்பாளர்கள் இடது பக்கம் உட்காரலாம். உங்களுக்கு மொழிபெயர்க்க இந்த அம்மா இருக்கிறார்." அத்தான் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. அவர் போய் இடது பக்கம் உட்கார்ந்தார்.

ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக எழும்பி மாடிகளைத் திட்டினார்கள். காற்றைத் திட்டினார்கள். சிலர் மாடிகளைத் திட்டுவது போல அதில் இருந்தவர்களையும் திட்டினார்கள். எந்த இடத்தில் ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. தலைமை தாங்கிய வெள்ளைக்கார மூதாட்டி எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிச் சிரித்தார்.

பிறகு டொலறஸ் எழும்பினாள். யாழ்ப்பாணக் கரையோரத்துப் பாசையூர்ப் பெண். கணவனை இழந்தவள், இரண்டு பெண் பிள்ளைகள். நாலாம் மாடியில் இருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவள் சபையைப் பார்த்துத் தமிழில் பேசினாள்:

"இதைக் கட்டினவன் ஆரோ ஒரு விசரன். கையில கிடைச்சா செருப்பால அடிப்பன். குளிர், ஈரம், சுவரெல்லாம் பூஞ்சணம். ஆனா எங்களை இடம் இடமா மாத்தி மாத்தி அலைச்சுப்போட்டினம். இப்பதான் என்ர பிள்ளையள் ஒரு பள்ளிக்கூடத்தில ஒழுங்காப் போகுதுகள். இடிக்கிறதெண்டா முதல்ல இந்த ஊரிலயே எங்களுக்கு வீடு தாங்கோ. அதுவரைக்கும் நான் எழும்ப மாட்டன்."

நான் மொழிபெயர்த்தேன். கட்டியவர் ஒரு முட்டாள் என்று சபைக்குக் கேட்கும்படி, தெளிவான ஆங்கிலத்தில் சொன்னேன். மண்டபம் முழுக்கக் கைதட்டியது. அன்று ஊர்க்காரரும் அகதிகளும் ஒத்துப்போன ஒரே இடம் அதுதான்.

அத்தான் எழுந்தார். "நான்தான் இதன் கட்டடக் கலைஞர்," என்றார். கைதட்டல் நின்றது. தலைமை தாங்கிய மூதாட்டி மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "மிஸ்டர் ராஜா! நீங்கள் காலமாகிவிட்டீர்கள் என்றல்லவா நினைத்தோம்," என்றார், உண்மையான மகிழ்ச்சியோடு.

அத்தான் படச் சுருளைப் பிரிக்கப் பார்த்தார். அது மறுபடி மறுபடி சுருண்டது. கடைசியில் படத்தை விட்டுவிட்டு, டொலறஸைக் கை காட்டினார். "குடியிருக்கும் மக்கள் இங்கிருந்து போக மறுக்கிறார்கள், கேட்டீர்கள்தானே. ஒரு கட்டடத்துக்கு இதைவிடப் பெரிய நற்சாட்சி என்ன வேண்டும்?"

செருப்பால் அடிப்பேன் என்றவளையே தனக்குச் சாட்சியாக்கினார். அவர் வெட்கப்படுவார் என்று நான் எதிர்பார்த்தது என் மடத்தனம்.

கூட்டம் முடிந்ததும் டொலறஸ் என்னிடம், "அக்கா, ஆர் அந்த ஆள்? தமிழ் ஆள் மாதிரிக் கிடக்கு," என்றாள்.

"அவர்தான் கட்டினவர்," என்றேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் ஒரு கணம்தான். நேரே அவரிடம் போனாள். "அண்ணை, நான் சொன்னதைக் குறை நினைக்காதேங்கோ. ஆனா ஒருக்கா மேல வந்து பாத்திட்டுப் போங்கோ. எங்கட ஆள் எண்டா இன்னும் நல்லாப் பாக்க வேணும்."

மறுக்க வழியில்லை. மேலே போனோம். லிஃப்ட் வேலை செய்யவில்லை. கட்டி முடித்த நாளுக்குப் பிறகு அந்த வீடுகளில் ஒன்றுக்குள்ளும் அவர் போனதில்லை. டொலறஸ் தேநீர் ஊற்றினாள். கோட்டில் ஏதும் ஒட்டிவிடுமோ என்று அவர் நின்றபடியே குடித்தார். சுவரில் கறுத்துப் படர்ந்திருந்த பூஞ்சணத்தைப் பார்த்து, "வீட்டுக்குள்ள உடுப்புக் காயப்போடுறீரா?" என்று கேட்டார்.

"வெளியில போட்டா பிரான்ஸுக்குப் போயிடும், அண்ணை."

அவளுடைய மூத்த மகள் அஞ்சலீனா, பத்து வயதிருக்கும், அவரை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அங்கிள், டூ யூ வோண்ட் டு ஸீ த ஸீ?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் குளியலறைக்குள் கூட்டிப்போனாள். குளியல் தொட்டியின் விளிம்பைக் காட்டினாள். அதில் ஏறி நின்றால்தான் உயரத்தில் இருந்த சின்ன யன்னல் எட்டும். அங்கேதான் அவளும் தங்கையும் ஏறி நின்று கடல் பார்ப்பார்களாம்.

அத்தான் சப்பாத்தைக் கழற்றினார். ஏறினார். நான் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் அசையாமல் அந்த யன்னலுக்குள்ளால் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். அப்படியொரு கடல் அங்கே இருந்ததை அவர் அன்றுதான் கண்டார் என்று நினைக்கிறேன். எனக்கு அவர்மேல் இரக்கம் வரத் தொடங்கியது.

இறங்கினார். சப்பாத்தைப் போட்டார். "இந்தத் தொட்டியை இன்னும் கொஞ்சம் உயரத்தில வச்சிருந்தா நல்லாத் தெரிஞ்சிருக்கும்," என்றார்.

வந்த இரக்கம் வந்த வழியே போயிற்று.

திரும்பும் ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்தார். ரொம்ஃபோர்ட் தாண்டிய பிறகு வாயைத் திறந்தார்.

"மலர், அந்தப் பிள்ளை தமிழில என்னவும் சொல்லட்டும். அது எங்களுக்குள்ள. நீர் அதை இங்கிலிஷில சொல்லியிருக்கக் கூடாது."

"அதுக்குத்தான் அத்தான் என்னைக் கூப்பிட்டவை."

"ஒரு நல்ல மொழிபெயர்ப்பாளர் எண்டா கொஞ்சம் இளக்கிச் சொல்லோணும்."

"இளக்கித்தான் சொன்னனான். செருப்பை விட்டிட்டன்."

இடிப்பது என்றே முடிவானது. ஆனால் டொலறஸ் எழும்பவில்லை. ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் அவர்களுக்கு இடம் கொடுத்த பிறகுதான் மாடிகள் காலியாகின. 1999இல் இரண்டையும் தரைமட்டமாக்கினார்கள். ஊர் முழுக்க வந்து நின்று பார்த்ததாக டொலறஸ் போனில் சொன்னாள். அத்தான் போகவில்லை. கட்டடக் கலையில் இந்த நாட்டுக்கு இருந்த ரசனை செத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு வீட்டில் இருந்தார்.

அதே வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில்காரர் மூன்று பேர் அக்கா வீட்டுக்கு வந்தார்கள். நானும் அங்கே இருந்தேன். புதிதாகக் கோயிலும் மண்டபமும் கட்டப்போகிறார்களாம். கடற்கரையையே கட்டிய எங்கள் ஆள் இருக்கும்போது வேறு யாரிடம் போவது என்று கேட்டார்கள். அந்தக் கோச்சில் வந்து, புளிச்சாதத்தைப் பறவைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போன ஆட்களே அவர்கள். மாடிகள் இடிந்த செய்தி பத்திரிகையில் வந்திருந்தது. அவர்களும் வாசித்திருப்பார்கள். வெள்ளைக்காரனுக்குப் பொறாமை என்றார் ஒருவர்.

அத்தான் உள்ளே சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். அக்கா தேநீர்த் தட்டை மேசையில் வைத்தாள். இத்தனை வருஷமும் அவர் பேசும்போது குறுக்கே பேசாதவள்.

"அவர் ரிட்டயர் ஆயிட்டார்," என்றாள். "இனி ஒண்டும் கட்ட மாட்டார்."

அவர்கள் திகைத்து, தேநீரைக் குடித்துவிட்டு எழும்பினார்கள். வாசல்வரை போய் வழியனுப்பிக் கதவைச் சாத்தினாள். அத்தான் புதுச் சட்டையின் பொத்தானைப் பூட்டியபடி வந்து, அவர்கள் இருந்து எழும்பிய வெறும் கதிரைகளைப் பார்த்தார்.

"ஏன் அவையைப் போகவிட்டனீர்?"

அக்கா கோப்பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"சாமியாவது நிம்மதியா இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, கழுவுவதற்கு உள்ளே போனாள்.